ஆன்ஷி மலையின் ஊலோங் தேயிலை

காலையில் எழுந்ததும் நாம் அருந்தும் பானத்தைத் 'தேநீர்' என்கிறோம். அதற்குரிய இலையைத் 'தேயிலை' என்கிறோம். இச்சொற்களின் முன்னிற்கும் 'தே' எந்த நாட்டினின்று வந்தது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். அது சீன நாட்டின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியான் மாகாணத்துத் தென்பகுதி மக்களின் பேச்சு வழக்காகும். சீனத்தின் பிற பகுதிகளில் 'சா' என்று வழங்கும் பொருளை அவர்கள் 'தே' என்பர். அக்கரை வணிகரோடு பழகிய டச்சுக்காரர் அச்சொல்லைக் கடல் கடந்து எடுத்துச் சென்றனர். 'சா' என்ற மற்றச் சொல் வேறு வழியாகப் பரவி, நம்மிடையே 'சாயா' என்று நிலைத்தது.

'தே' என்னும் சொல் வழங்கும் அந்நிலப்பகுதியிலேயே உலகப் புகழ் பெற்ற ஒரு தேயிலை விளைகிறது. ஆன்ஷி என்னும் மாவட்டத்தில் விளையும் அதற்குத் 'தியேகுவான்யின்' என்று பெயர். ஊலோங் வகைத் தேயிலைகளுள் இது முதன்மையானவற்றில் ஒன்று. இதைப் பற்றி அறிந்துகொள்வது தேயிலை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு மட்டுமன்றித் தறியில் அமரும் அங்கத்தினர்களுக்கும் பயன் தரும். ஏனெனில் இத்தேயிலை உருப்பெறுவதில் இலைக்கு உள்ள பங்கைப் போலவே ஒரு துண்டுப் பருத்தித் துணிக்கும் பங்கு உண்டு. அத்துணியைக் கைவிட்டபோது அம்மாவட்டத்தார் பட்ட துன்பமும் நாம் அறியத் தக்கதே.

ஊலோங் என்பது யாது?

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலோங் ஆகியவை வெவ்வேறு செடிகளில் விளைவன என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. யாவும் ஒரே செடியின் இலைகளே. பறித்த பின் இலையை நடத்தும் முறையினாலேயே வேறுபாடு உண்டாகிறது. சீன அறிஞர் சென் சுவான் என்பார் 1979ஆம் ஆண்டில் செய்முறையை அடிப்படையாகக் கொண்டு தேயிலையை ஆறு பிரிவுகளாக வகுத்தார். அவ்வாறில் ஊலோங் ஒன்றாகும்.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் வெட்டுவாய் கறுப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காயினுள் தனித்தனியே இருந்த பொருள்கள் வெட்டினால் ஒன்று கலந்து, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நிறம் மாறுகின்றன. தேயிலையிலும் நிகழ்வது இதுவே. இதனைப் 'புளித்தல்' என்று சொல்வது வழக்கமாயினும், மாவு புளிப்பது போன்று கிருமிகளால் ஆவதன்று. பறித்தவுடன் சூடுபடுத்தி இம்மாற்றத்தைத் தொடக்கத்திலேயே தடுத்தால் பச்சைத் தேயிலை கிடைக்கும். இலையை நன்கு கசக்கி, மாற்றம் முற்றுப்பெறும் வரை விட்டால் கறுப்புத் தேயிலை கிடைக்கும். இவ்விரண்டிற்கும் இடையே, மாற்றத்தை மெல்லத் தொடங்கி வைத்து, வேண்டிய அளவில் நிறுத்துவதே ஊலோங். இச்சொல்லுக்குச் சீன மொழியில் 'கரிய நாகம்' என்பது பொருள்.

தொடங்குவதும் எளிது, நிறுத்துவதும் எளிது. எப்போது நிறுத்துவது என்று அறிவதே அரிது. ஊலோங் செய்பவரின் திறமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பிறந்த இடமும் பெயர்க் காரணமும்

ஆன்ஷி மாவட்டம் சுவான்சௌ என்னும் துறைமுக நகரைச் சார்ந்தது. அத்துறைமுகம் தமிழர்க்குப் புதியதன்று. பண்டைக் காலத்தில் நம் வணிகர் அங்குச் சென்று தங்கியிருந்தனர். சிவன் கோயில் ஒன்றையும் எழுப்பினர். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்குக் கிடைத்திருக்கிறது. ஆயினும் அவ்வணிகர் ஊலோங் தேநீரை அருந்தியிருக்க முடியாது. அதன் செய்முறை அவர்கள் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே தோன்றியது.

ஃபூஜியானின் வடபகுதியில் ஊயி என்னும் பாறை மலை இருக்கிறது. அங்கே இலையை வெயிலில் வாட்டி, குலுக்கி, வறுத்து, பாதி பச்சையும் பாதி சிவப்புமாகத் தேயிலை செய்யும் முறை பற்றிய குறிப்பு, 1734ஆம் ஆண்டில் லூ டிங்சான் என்ற அதிகாரி தொகுத்த நூலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் இம்முறை நன்கு வேரூன்றிவிட்டது எனலாம். இன்று ஊயி மலை, ஆன்ஷி, குவாங்டொங் மாகாணத்துப் பீனிக்ஸ் மலை, தைவான் தீவு ஆகிய நான்கு இடங்களும் ஊலோங்கிற்குப் பெயர் பெற்றவை. தைவானின் ஊலோங் ஏற்றுமதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆன்ஷியிலிருந்து கொண்டு சென்ற கன்றுகளைக் கொண்டே வளர்ந்தது.

தியேகுவான்யின் செடி ஆன்ஷியின் ஷிபிங் என்னும் ஊரில் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர் யார் என்பது பற்றி இரு கதைகள் வழங்குகின்றன. வெய் யின் என்ற ஏழை விவசாயி நாள்தோறும் குவான்யின் தெய்வத்திற்குத் தேநீர் படைத்து வணங்கி வந்தார். ஒரு நாள் கனவில் கண்டவாறே பாறை இடுக்கில் ஒரு செடியைக் கண்டார் என்பது ஒரு கதை. வாங் ஷிராங் என்ற கற்றறிந்தவர் தம் படிப்பிடத்தின் அருகே அச்செடியைக் கண்டு வளர்த்தார். அதன் தேயிலை சியன்லோங் பேரரசருக்குச் சென்றது. இரும்பைப் போல் கனமும் குவான்யினைப் போல் அழகும் உடையது என்று அவரே பெயர் சூட்டினார் என்பது மற்றொரு கதை. இரு கதைகளும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தவையாகக் கூறப்படுகின்றன. இரு குடும்பங்களின் வழித்தோன்றல்களும் இன்றும் தத்தம் கதையையே உண்மை என்கின்றனர். 'தியே' என்றால் இரும்பு. குவான்யின் என்பது அவலோகிதேசுவரருக்குச் சீனர் வழங்கும் பெயர். அகத்தியர்க்குத் தமிழ் உரைத்தவர் என்று நம் வீரசோழியம் போற்றும் அவலோகிதரே இவர்.

நிலமும் செடியும்

ஆன்ஷியின் கிழக்குப் பகுதி தாழ்ந்தது. மேற்குப் பகுதி உயர்ந்த மலைப்பாங்கானது. ஷிபிங், காந்தே, ஷியாங்ஹுவா முதலிய பெயர் பெற்ற தேயிலை ஊர்கள் மேற்கிலேயே உள்ளன. சிவந்த, புளிப்புத் தன்மையுள்ள மண், நிறைந்த மழை, காலையில் மூடுபனி, பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பத்தில் நல்ல வேறுபாடு ஆகியவை இச்செடிக்கு ஏற்றவை. மாவட்டத்தில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் தேயிலை பயிராகிறது. மக்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வகையில் தேயிலையைச் சார்ந்தே வாழ்கின்றனர். தோட்டங்கள் பெரும்பாலும் சிறு குடும்பங்களுடையவை.

தியேகுவான்யின் செடி வீரியம் குறைந்தது. குடிப்பதற்கு நன்று, வளர்ப்பதற்குக் கடினம் என்று அவ்வூர் விவசாயிகளே சொல்வதுண்டு. இதன் இலை தடித்தது. விளிம்பு அலை அலையாக இருக்கும். நுனி ஒரு புறம் சற்றே சாய்ந்திருக்கும். இளந்தளிர் செந்நீல நிறம் கொண்டிருக்கும். இவ்வடையாளங்களால் பழகியவர் இதனை எளிதில் இனம் காண்பர்.

விதையிலிருந்து முளைக்கும் தேயிலைச் செடிகள் தாய்ச் செடியைப் போல் இருப்பதில்லை. ஆகையால் ஆன்ஷி மக்கள் தொடக்கத்தில் கிளையை வளைத்து மண்ணில் பதித்து வேர் விடச் செய்தனர். பின்னர் இருபதாம் நூற்றாண்டில், ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு துண்டைப் பதியனிட்டுக் கன்றாக்கும் முறையைக் கையாண்டு பெருக்கினர். நம் நாட்டுத் தேயிலை நாற்றங்கால்களிலும் இத்தகைய ஓரிலைத் துண்டுகளிலிருந்தே கன்றுகள் எழுப்பப்படுகின்றன.

பறித்தல், வாட்டுதல், குலுக்குதல்

நீலகிரியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த இளங்கொழுந்தையே சிறந்ததாகக் கருதுகிறோம். ஊலோங்கிற்கு அது பொருந்தாது. கொழுந்தின் வளர்ச்சி நின்று, நுனி இலை விரிந்து முதிரத் தொடங்கிய பின்னரே மூன்று, நான்கு இலைகளோடு பறிப்பர். மிக இளைய இலை குலுக்கலைத் தாங்காது, கசப்பும் மிகும். முதிர்ந்த இலையிலேயே மணத்திற்குரிய பொருள்கள் நிறைந்துள்ளன. வானம் தெளிந்த நாளில், பனி உலர்ந்த பின், முற்பகலிலிருந்து பிற்பகல் நடுப்பகுதி வரை பறித்த இலையே மேலானது. வசந்த கால இலை சாரத்தாலும், இலையுதிர் கால இலை மணத்தாலும் சிறந்தவை என்பர்.

பறித்த இலையை மாலையின் இளவெயிலில் மூங்கில் தட்டுகளில் மெல்லப் பரப்புவர். இலையின் ஈரம் சிறிது குறைந்து, தண்டு வளைந்தால் ஒடியாத பதம் வந்ததும் நிழலுக்கு மாற்றி ஆறவிடுவர். அதன் பின் தொடங்குவதே குலுக்குதல். மூங்கிலால் பின்னிய நீண்ட உருளையில் இலையை இட்டுச் சுழற்றுவர். இலைகள் ஒன்றோடொன்றும் மூங்கிலோடும் உராய்ந்து விளிம்புகள் மட்டும் நசுங்கும். பின்னர்த் தட்டில் பரப்பி ஓய்வு கொடுப்பர். மீண்டும் குலுக்குவர், மீண்டும் ஓய்வு. இவ்வாறு மூன்று முதல் ஐந்து முறை நிகழும். முதல் முறை சில நிமிடங்களே. பின்னர்ப் படிப்படியாக நேரம் கூடும். ஓய்வு நேரமும் கூடும். மாலையில் தொடங்கிய வேலை விடியும் வரை நீளும்.

இவ்விரவில் இலையினுள் நிகழ்வது வியக்கத் தக்கது. பறிக்கப்பட்ட பின்னும் இலை உடனே இறந்துவிடுவதில்லை. நீர் குறைவதையும் காயம் படுவதையும் அது உணர்ந்து, தன்னைக் காத்துக்கொள்ளும் முறையில் சில பொருள்களை உண்டாக்குகிறது. பூக்களின் நறுமணத்திற்குக் காரணமான பொருள்கள் சில அவற்றுள் அடங்கும். பச்சைப் புல்லின் வாடை மெல்ல விலகி மலரின் வாசம் எழும். அதே வேளையில் நசுங்கிய விளிம்பு சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். பச்சை இலைக்குச் சிவப்புக் கரை கட்டியது போன்ற இத்தோற்றமே நல்ல ஊலோங்கின் அடையாளம்.

எத்தனை நிமிடம் குலுக்க வேண்டும் என்று எழுதி வைத்த அட்டவணை எதுவும் பயன்படாது. வானத்தையும் இலையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது ஆன்ஷி உழவரின் கொள்கை. வடகாற்று வீசும் உலர்ந்த நாளில் ஒரு கணக்கு. ஈரம் மிகுந்த நாளில் வேறு கணக்கு. தட்டருகே குனிந்து மோந்து பார்த்து முடிவு செய்யும் முதியவரின் மூக்கே அங்கு அளவுகோல். பாவு ஓடும்போது காற்றின் ஈரத்தை அறிந்து கஞ்சியின் பதத்தை மாற்றும் நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துணியின் வேலை

வேண்டிய மணம் எழுந்ததும் தாமதிக்கலாகாது. 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ந்த பாத்திரத்தில் இலையை இட்டு விரைந்து வறுப்பர். அந்தச் சூட்டில் இலையின் மாற்றம் நின்றுவிடும். பின்னர் உருட்டி, ஓரளவு உலர்த்தி, சூடு ஆறுமுன் துணியில் கட்டுவர்.

அழுத்தமாக நெய்த சதுரப் பருத்தித் துணியின் நடுவே சூடான இலையைக் குவித்து, நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கி, இறுகிய பந்தாக்குவர். ஒரு கையால் துணியின் முடிச்சைப் பற்றி, மறு கையால் பந்தைப் பலகை மேல் அழுத்தி உருட்டுவர். பண்டைக் காலத்தில் காலாலும் உருட்டியதுண்டு. இலையின் சாறு மேற்பரப்பிற்கு வந்து படியும்; இலை சுருண்டு இறுகும். ஆயினும் பந்தை நெடுநேரம் கட்டி வைத்தால் உள்வெப்பத்தால் புழுங்கி இலை மஞ்சளாகும், மணமும் கெடும். ஆகவே அவிழ்த்து உதிர்த்து ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றி, மீண்டும் கட்டுவர். இவ்வாறு பல முறை செய்த பின்னரே இலை திரண்ட மணியைப் போன்ற உருவம் பெறும். இப்பொழுது முறுக்குவதற்கும் உருட்டுவதற்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் துணி மட்டும் நிலைத்திருக்கிறது. ஆவியை வெளியே விடவும் வேண்டும்; இழுப்பிற்குக் கிழியாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது நெய்த துணியே.

இறுதியாக இளஞ்சூட்டில் மெல்ல உலர்த்துவர். நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு ஈரமே எஞ்சும். அதன் பின் பெண்கள் அமர்ந்து ஒவ்வொரு மணியிலிருந்தும் காம்பைக் கையால் கிள்ளி நீக்குவர். பச்சை இலையில் நாலில் மூன்று பங்கு நீரே ஆகையாலும், காம்பும் தூளும் கழிவதாலும், ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு, ஐந்து கிலோ இலை வேண்டியிருக்கிறது.

சுவையும் வடிக்கும் முறையும்

தியேகுவான்யினில் இளமணம், முதிர்மணம், பழமை என மூன்று வகைகள் உண்டு. குறைவாக மாற்றமடைந்து, குறைந்த சூட்டில் உலர்ந்தது இளமண வகை. இதன் வடிநீர் பசுமை கலந்த பொன்னிறம். மணம் ஆர்க்கிட் மலரை ஒத்தது. கூடுதலாக மாற்றமடைந்து, கரியடுப்பில் அல்லது சூட்டறையில் வறுபட்டது முதிர்மண வகை. இதன் நிறம் அடர்ந்த பொன், சுவை கனிந்தது, வறுத்த தானியத்தின் வாசமும் சேர்ந்திருக்கும். பல ஆண்டுகள் வைத்திருந்து அவ்வப்போது சூடேற்றிக் காப்பது மூன்றாம் வகை.

இத்தேநீரில் பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. முதலில் நாவில் இலேசான துவர்ப்பும் மிக மெல்லிய புளிப்பும் தோன்றும். விழுங்கிய சற்று நேரத்தில் தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மேலெழும். நெல்லிக்கனியைத் தின்று தண்ணீர் குடித்தவர்க்கு இவ்வனுபவம் புரியும். சீனர் இதனைத் 'திரும்பி வரும் இனிமை' என்கின்றனர். இவை யாவும் கூடி நிற்கும் தனிச் சுவைக்குக் 'குவான்யின் இசைவு' என்று பெயரிட்டுள்ளனர்.

வடிப்பதற்குச் சிறிய மூடியுள்ள கிண்ணம் வேண்டும். ஏறத்தாழ 110 மில்லிலிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் 7 கிராம் இலையிட்டு, நன்கு கொதித்த நீரை ஊற்றுவர். முதல் நீரை உடனே வடித்துக் கீழே விடுவர். சுருண்ட இலை விழித்துக்கொள்வதற்காக இது. அடுத்த நீரைச் சிறிது நேரமே வைத்து, சிறு குவளைகளில் வடித்துக் கொடுப்பர். அதே இலை ஏழு முறை வரை சுவை தரும். கடைசியில் இலைகள் முழுமையாக விரிந்து கிண்ணத்தை நிறைக்கும். அவற்றை எடுத்துப் பார்த்தால் செய்தவரின் திறமும் குறையும் தெரியும்.

தரம் காண்போர் இன்னும் கடுமையாக நடந்துகொள்வர். 110 மில்லிலிட்டர் கிண்ணத்தில் 5 கிராம் இலையிட்டு, மூன்று முறை நீரூற்றி, முறையே 2, 3, 5 நிமிடங்கள் வைத்துச் சோதிப்பர். சில நொடிகளில் வடித்தால் மறைந்துவிடும் குறைகள் இவ்வளவு நேரம் ஊறினால் வெளிப்பட்டே தீரும். இத்தேநீர் சகல நோயையும் தீர்க்கும், உடற்பருமனைக் கரைக்கும் என்றெல்லாம் விற்பனைக்காகச் சொல்லப்படுவதை அங்கத்தினர்கள் நம்ப வேண்டியதில்லை. நல்ல பானம் என்பதே இதற்குப் போதுமான பெருமை.

ஏற்றமும் இறக்கமும்

சீனாவில் தேயிலைக் கொள்முதல் நெடுங்காலம் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. 1984ஆம் ஆண்டில் சந்தை திறந்துவிடப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே நிலம் கம்யூன்களிடமிருந்து குடும்பங்களின் பொறுப்பிற்கு வந்துவிட்டது. ஆன்ஷியில் ஒவ்வொரு வீடும் ஒரு சிறு தொழிற்சாலை ஆயிற்று. குடும்பமே பறித்து, குடும்பமே இரவு விழித்துச் செய்து, சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டு சென்றது. 1990ஆம் ஆண்டுகளிலும் அதற்கு அடுத்த பத்தாண்டிலும் தியேகுவான்யினுக்கு நாடெங்கும் பெரும் விருப்பம் எழுந்தது. போட்டிகளில் பரிசு பெற்ற தேயிலை ஏலத்தில் வியப்பூட்டும் விலைக்குப் போயிற்று.

பணம் வந்த வேகத்தில் சில தவறுகளும் வந்தன. நுகர்வோர் பச்சை நிறத்தையும் மூக்கைத் துளைக்கும் மணத்தையும் விரும்புகின்றனர் என்று கண்டு, மாற்றத்தை மேன்மேலும் குறைத்தனர். குளிர்சாதன அறைகளில் இலையை வைத்தனர். ஊலோங்கின் அடையாளமாகிய சிவந்த விளிம்பையே குறை என்று கருதி உதிர்த்துக் கழித்தனர். அத்தேயிலையைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலன்றி மணம் நிற்பதில்லை. மலையின் செங்குத்தான சரிவுகளிலும் மரத்தை வெட்டிச் செடி நட்டனர்; மழையில் மேல்மண் கரைந்து போயிற்று. விளைச்சலைப் பெருக்க உரத்தையும் பூச்சி மருந்தையும் அளவின்றி இட்டவர்களும் உண்டு.

இவற்றோடு ஒரு புதிய இயந்திரமும் வந்தது. துணியில் கட்டிப் பல முறை உருட்டும் வேலையை விட்டுவிட்டு, சூடான இலையைப் பெட்டியில் இட்டு ஒரே அழுத்தாய் அழுத்திக் கட்டியாக்கி, பின்னர் உடைத்து உதிர்ப்பது அதன் வேலை. பல மணி நேர உழைப்பு சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் இலை நொறுங்கிற்று, மடிந்து தட்டையாயிற்று, சாறும் மணமும் விரைவில் போயின. காய்ந்த தேயிலையைக் கண்ணால் பார்ப்பவர்க்கு வேறுபாடு எளிதில் தெரியாது. நீரில் விரியும்போதே தெரியும். துணியால் உருட்டியவரும் அழுத்தியவரும் ஒரே பெயரில், ஒரே சந்தையில் விற்றனர். மெய்யாக உழைத்தவருக்கும் மலிந்த விலையே கிடைத்தது. 2010ஆம் ஆண்டுகளில் வாங்குவோர் மெல்ல விலகி, வேறு வகைத் தேயிலைகளை நாடத் தொடங்கினர். ஆன்ஷியில் விலை வீழ்ந்தது. மாவட்ட ஆட்சியினர் அழுத்தும் இயந்திரங்களைத் தடை செய்து அகற்ற வேண்டியதாயிற்று.

அதன் பின்னர்ப் பலர் பழைய முறைக்குத் திரும்பினர். தோட்டங்களில் மரங்களை நட்டனர். வரிசைகளுக்கிடையே புல்லை விட்டு மண்ணைக் காத்தனர். சில சரிவுகளை மீண்டும் காட்டிற்கே விட்டனர். முதிர்மண வகைக்கு மீண்டும் மதிப்பு வந்தது. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் ஆன்ஷியின் தேயிலை வேளாண் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. அதே ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் சீனாவின் மரபுவழித் தேயிலைச் செய்முறைகளை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கூட்டுறவும் நற்பெயரும்

ஆன்ஷியின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு குடும்பமும் தனித்து நின்றபோது, தரத்தைக் காப்பதால் வரும் இலாபம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. தரத்தைக் கெடுப்பதால் வரும் இலாபம் மட்டும் கெடுத்தவருக்கே கிடைத்தது. இத்தகைய நிலையில் நல்லவரும் நெடுநாள் நல்லவராக நிற்பது கடினம். 2004ஆம் ஆண்டிலேயே ஆன்ஷித் தியேகுவான்யின் என்னும் பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்திருந்தது. பெயருக்குக் காப்பு இருந்தும், பெயரின் கீழ் வரும் பொருளைக் காப்பார் ஊர்தோறும் இல்லாததால் அது போதவில்லை.

சீனாவில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐந்து பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். அங்கத்தினர்களில் நூற்றுக்கு எண்பது பேரேனும் விவசாயிகளாக இருக்க வேண்டும். பங்கிடத்தக்க உபரியில் நூற்றுக்கு அறுபது பங்கிற்குக் குறையாமல், சங்கத்தோடு அங்கத்தினர் செய்த வியாபார அளவுக்கேற்பத் திருப்பித் தர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. போட்ட முதலைவிடக் கொண்டு வந்த இலைக்கே முதலிடம் என்பது இதன் பொருள். ஆன்ஷியிலும் பல சங்கங்கள் தோன்றின. மருந்து தெளித்த நாளைப் பதிவு செய்வதும், பொதுவான செய்முறையைக் கடைப்பிடிப்பதும், ஒன்று சேர்ந்து விற்பதும் அவற்றால் இயலக்கூடியவை ஆயின. அதே வேளையில் நாடெங்கும் பெயரளவில் மட்டும் பதிவான சங்கங்களும் பெருகின. 2019ஆம் ஆண்டில் அத்தகைய வெற்றுச் சங்கங்களைக் களையச் சீன அரசாங்கம் தனி நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. பலகை மாட்டுவதால் சங்கம் ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

நமக்கும் இவை புதியன அல்ல. நீலகிரியில் 1962ஆம் ஆண்டில் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டில் அத்தகைய தொழிற்சாலைகளுக்கு ஓர் இணையமும் அமைந்தது. சிறு விவசாயி தன் கொழுந்தைத் தன் சொந்தத் தொழிற்சாலைக்கே கொண்டு செல்லும் உரிமை அவற்றால் கிடைத்தது. நீலகிரித் தேயிலைக்கும் காஞ்சிபுரம் பட்டிற்கும் புவிசார் குறியீடு உண்டு. பட்டுக்குள் கலப்பிழை ஓட்டுவதும், கொழுந்துக்குள் முற்றிய இலையையும் காம்பையும் மறைத்து நிறையைக் கூட்டுவதும், ஆன்ஷியில் துணியை விட்டு அழுத்தும் பெட்டியை நாடியதும் ஒரே தன்மையின. முதல் நாளில் செய்தவருக்கு இலாபம். சில ஆண்டுகளில் ஊருக்கே நஷ்டம்.

ஆகவே சங்கத்தின் தராசருகே தரம் பார்ப்பவர் நம் இலையைத் திருப்பி அனுப்பும்போதும், சேலையைப் பிரித்து ஊடையை எண்ணும்போதும், அதனை அவமதிப்பாகக் கருதலாகாது. அடுத்த வீட்டு அங்கத்தினரின் இரவு விழிப்பைக் காப்பாற்றும் வேலையை அவர் செய்கிறார். நம் இரவு விழிப்பைக் காப்பதும் அதே தராசுதான்.